சுற்றி வரும் சுஷி... எத்தனை தட்டு வேணும்னாலும் எடுக்கலாம், ஆனா..!

கல்யாணப் பந்தியில் நாம் உட்கார்ந்திருப்போம், வாளியோடு பரிமாறுபவர் நடந்து வருவார். ஜப்பானில் ஒரு வகை ஹோட்டலில் பரிமாற ஆளே வர மாட்டார். சாப்பாடே வரிசைகட்டி வரும். உங்கள் மேஜையை ஒட்டி ஒரு பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதில் சின்னச் சின்னத் தட்டுகளில் சுஷி. பிடிச்சதை எடுத்துக்கலாம், பிடிக்கலைன்னா விட்டுடலாம். இதுக்குப் பேர் 'கைட்டன்சுஷி'. 'சுழலும் சுஷி'ன்னு அர்த்தம்.

இதோடு 'தபேஹோடாய்' என்ற இன்னொரு ஜப்பானிய வார்த்தையும் சேர்ந்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகும். அது நம்ம ஊர் அன்லிமிடெட் மீல்ஸ் மாதிரி. ஒரே ஒரு தொகை கட்டிட்டா எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம மெஸ்ஸில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டாங்க. அங்கே பார்ப்பாங்க.

வேலை, படிப்பு, டூர்னு ஜப்பானுக்கோ, இதே பாணிக் கடைகள் இருக்கிற பாங்காக், சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் நம்மில் நிறைய பேர். முதல்முறை பெல்ட்டுக்கு முன்னால் உட்காரும்போது பெரும்பாலும் மூணு தப்பு நடக்கும். முதல் பத்து நிமிஷத்திலேயே கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து அடுக்குவது ஒண்ணு. மீனை மட்டும் சாப்பிட்டுட்டு சாதத்தை ஒதுக்குவது ரெண்டாவது. எடுத்த தட்டைத் திரும்ப பெல்ட்டிலேயே வைப்பது மூணாவது. முதல் தப்புக்கு வயிறு பதில் சொல்லும், ரெண்டாவதுக்கு பர்ஸ். மூணாவதை அங்கே யாருமே விளையாட்டாக எடுத்துக்க மாட்டாங்க. ஏன்னு தெரிஞ்சுக்க, இந்த பெல்ட் எங்கிருந்து வந்ததுன்னு பார்க்கணும்.

பீர் பாட்டிலில் இருந்து வந்த ஐடியா

ஒசாகாவில் யோஷியாகி ஷிராய்ஷி என்பவர் ஒரு சின்ன சுஷிக் கடை நடத்தினார். சுற்றிலும் தொழிற்சாலைகள். சாப்பிட வருபவர்கள் தொழிலாளர்கள். விலை குறைவாக இருந்தால்தான் வருவார்கள். ஆனால் கூட்டம் சேரச் சேர, பரிமாற ஆள் போதவில்லை. ஆள் சேர்த்தால் விலை ஏறும்.

அந்த நேரத்தில்தான் அவர் ஒரு பீர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். கன்வேயர் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பாட்டில் போனால் சுஷி போகாதா?

போகும். ஆனால் அவ்வளவு சுலபமாக இல்லை. நேர்ப் பாதையில் தட்டுகள் ஒழுங்காகப் போய்விடும். மூலையில் திரும்பும்போதுதான் சிக்கல். இதைச் சரிசெய்யவே அவருக்குப் பல வருஷங்கள் பிடித்தன. இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பெல்ட்டை உற்றுக் கவனித்தால், அது ஒரே பட்டையாக இருக்காது. பிறை நிலா வடிவத்தில் சின்னச் சின்னத் தகடுகள், ஒன்றன் வளைவுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். அதனால்தான் இடைவெளி விடாமல் வளைந்து திரும்புகிறது. இந்த வகைச் சங்கிலிகளைச் செய்வதற்குப் பேர்போன இடம் ஜப்பானின் இஷிகாவா மாகாணம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விநாடிக்கு 8 சென்டிமீட்டர். இதைவிட வேகமாகப் போனால் சாப்பிடுபவருக்குப் பதற்றம், மீனும் காய்ந்துபோகும். மெதுவாகப் போனால் பொறுமை போய்விடும். 8 சென்டிமீட்டர்னா, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தை ஒரு தட்டு ஏழெட்டு விநாடியில் கடந்துவிடும். எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்க அவ்வளவுதான் நேரம். பெரும்பாலான கடைகளில் பெல்ட் கடிகாரச் சுற்றில்தான் ஓடும். நம்ம கோயில் பிரகாரத்தில் வலம் வருவதைப்போல.

முதல் சுழலும் சுஷிக் கடை 1958-ல் இன்றைய ஹிகாஷி-ஒசாகா பகுதியில் திறந்தது. கடையின் பெயர் கென்ரோகு. அதுவரை நல்ல சுஷி சாப்பிடணும்னா, சமையல்காரருக்கு எதிரே உட்காரணும். பல கடைகளில் விலைப்பட்டியலே இருக்காது. பில் வரும்போதுதான் எவ்வளவுன்னு தெரியும். ஷிராய்ஷியின் கடையில் தட்டைப் பார்த்தாலே விலை தெரிந்தது. பையில் இருக்கும் காசுக்கு எத்தனை தட்டுன்னு கணக்குப்போட்டுச் சாப்பிட முடிந்தது. என்னைக் கேட்டால், பெல்ட்டைவிட இதுதான் பெரிய புரட்சி. 1970-ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தக் கடை இடம்பெற்ற பிறகு நாடு முழுக்கப் பேர் பரவியது.

அதே 1958-ல் இன்னொன்றும் நடந்தது. டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல், ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவிய விருந்து முறையைப் பார்த்து, 'விருப்பப்பட்டதை விருப்பப்பட்ட அளவு எடுத்துச் சாப்பிடலாம்' என்று ஓர் உணவகத்தைத் திறந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த 'தி வைகிங்ஸ்' ஹாலிவுட் படத்தின் நினைவில் அதற்கு 'இம்பீரியல் வைகிங்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் ஜப்பானியர்கள் பஃபேயை 'பைக்கிங்கு' என்று சொல்வது இதனால்தான். ஓடும் சுஷியும் அளவில்லாச் சாப்பாடும் அந்த நாட்டில் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ரெண்டும் ஒரே மேஜையில் சந்தித்துக்கொள்வது மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் அபூர்வம்.

காரணம், பெரிய செயின் கடைகளில் தட்டு விலையே குறைவு. சுஷிரோ, குரா சுஷி மாதிரியான கடைகளில் ரொம்ப காலம் ஒரு தட்டு 100 யென், வரியோடு 110 யென். 2022 அக்டோபரில்தான் அந்தக் காலம் முடிந்தது. இவ்வளவு மலிவாக இருக்கும்போது தனியாக அன்லிமிடெட் எதுக்கு? ஆனாலும் 2017-ல் கப்பா சுஷி என்ற செயின், மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் சில கிளைகளில் அளவில்லாச் சுஷியைச் சோதித்துப் பார்த்தது. வாசலில் மணிக்கணக்கில் க்யூ. தாய்லாந்தின் 'ஷாபுஷி' கடைகள் வேறு வழி பிடித்தன. அங்கே பெல்ட்டில் வருவது இறைச்சியும் காய்கறியும். மேஜையிலேயே கொதிக்கும் சூப்பில் போட்டு வேகவைத்துச் சாப்பிடணும். சுஷி தனியாக பஃபேயில் இருக்கும்.

கடைக்காரர் பக்கம் இருப்பது சாதம்

'அன்லிமிடெட் கொடுத்து இவங்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகுது?' நியாயமான கேள்வி. பதில் மீனுக்கு அடியில் இருக்கிறது.

சுஷின்னா பச்சை மீன்னு நினைப்பவர்கள்தான் அதிகம். அசல் விஷயம் வேறு. வினிகர், சர்க்கரை, உப்பு சேர்த்துப் பதமாக்கிய சாதம்தான் சுஷி. சாதம் இல்லாமல் மீன் துண்டுகளை மட்டும் வைத்தால் அது சஷிமி. விரல் நீளச் சாத உருண்டைமேல் மீன் வைத்தால் நிகிரி. கடற்பாசித் தாளில் சுருட்டினால் மக்கி. சாதத்தைச் சுற்றி வேலி மாதிரிப் பாசித்தாளைக் கட்டி மேலே மீன் முட்டையோ சோளமோ நிரப்பினால் குன்கான். பார்க்கப் போர்க்கப்பல்போல இருப்பதால் அந்தப் பேர்.

செயின் கடைகளில் ஒரு நிகிரிக்குச் சுமார் 15 முதல் 20 கிராம் சாதம். பெரும்பாலும் மெஷின்தான் பிடிக்கும். சுஷி பிடிக்கும் ரோபோவை 1981-லேயே சுஸுமோ என்ற நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. ஒரு தட்டில் வழக்கமாக ரெண்டு நிகிரி. பத்துத் தட்டு சாப்பிட்டால் 300 முதல் 400 கிராம் சாதம் உள்ளே போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வருவதால் கண்ணுக்குத் தெரியாது. வாயில் போட்ட மீனின் எடையோ சாதத்தைவிடக் குறைவுதான். நூடுல்ஸ், பொரித்த கோழி, ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், கேக் என்று இடையிடையே வருவதெல்லாமும் இதே வேலையைத்தான் செய்யும். உங்கள் வயிற்றை விலை குறைவான பொருட்களால் நிரப்பும். இதில் சூழ்ச்சி ஒண்ணும் இல்லை. நம்ம அன்லிமிடெட் மீல்ஸும் சாதத்தை நம்பித்தான் ஓடுது.

அப்போ சாதத்தை ஒதுக்கிட்டு மீனை மட்டும் சாப்பிட்டா? நிறைய பேர் இதை முயற்சி செய்து பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர்களுக்கு ரொம்பவே எரிச்சல் தரும் வேலை இதுதான். மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்ற விதியை அளவில்லாக் கடைகள் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாதத்தைத் தட்டுக்கடியில் ஒளிச்சு வைப்பது, டிஷ்யூவில் சுருட்டுவதெல்லாம் பரிதாபமான வேலை. சாதம் குறைவாக வேணும்னா அதுக்கு வழி இருக்கு. பல கடைகளில் ஆர்டர் ஸ்கிரீனிலேயே பாதிச் சாதம்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் போதும்.

உட்கார்ந்ததும் செய்ய வேண்டியது, எதையும் எடுக்காமல் இருப்பதுதான். பெல்ட்டில் என்னென்ன வருதுன்னு கொஞ்ச நேரம் பாருங்க. உங்கள் கோர்ஸில் எதெல்லாம் சேர்த்தி, எதுக்குத் தனிக் காசு, நேரம் எவ்வளவு, கடைசி ஆர்டர் எப்போன்னு கேட்டு வெச்சுக்கோங்க. நேரம் முடியறதுக்கு முன்னாடியே கடைசி ஆர்டர் முடிஞ்சிடும், அது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. ஒரு மேஜையில் ஒருத்தர் அன்லிமிடெட் எடுத்தா எல்லாரும் எடுக்கணும் என்பதும் பல கடைகளின் விதி.

அப்புறம் லேசான சுவையில் தொடங்குங்க. வெள்ளை நிற மீன், கணவாய் முதலில். சால்மன், டூனா அடுத்து. கொழுப்பு அதிகமான துண்டுகள், இனிப்பு சாஸ் தடவிய விலாங்கு, முட்டை ஆம்லெட் கடைசியில். தலைகீழாகப் போனால், கொழுப்பின் ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டு வெள்ளை மீன் சப்புன்னு இருக்கும். இடையில் ஊறவைத்த இஞ்சித் துண்டு ஒண்ணு. அது தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் இல்லை, வாயைச் சுத்தப்படுத்திக்கொண்டு அடுத்த மீனுக்குப் போவதற்கு.

சோயா சாஸில் சாதத்தை முக்காதீங்க. உதிர்ந்துடும், உப்பும் ஏறிடும். திருப்பிப் பிடித்து மீன் பக்கத்தை லேசாகத் தொடணும். சாப்ஸ்டிக் வரலையா? கையாலேயே சாப்பிடலாம். நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது அவர்களுக்கே பழைய பழக்கம்தான், அதனால் நம்ம ஆட்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. செயின் கடைகளில் வசாபி பெரும்பாலும் தனிப் பாக்கெட்டில்தான் இருக்கும். பச்சையாக இருக்கேன்னு புதினாச் சட்னி கணக்கில் அள்ளிவிடாதீங்க. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும்.

மேஜையில் ஒரு குழாய் இருக்கும். கை கழுவத்தான்னு நினைச்சு விரலை நீட்டிடாதீங்க. அதில் வருவது கொதிக்கும் வெந்நீர். பக்கத்தில் இருக்கும் பச்சைத் தேயிலைத் தூளைக் கோப்பையில் போட்டு, கோப்பையால் அந்த பட்டனை அழுத்தினால் டீ ரெடி.

பச்சை மீன்... பயப்படணுமா?

கொஞ்சம் விவரம் தெரிஞ்சா பயம் போயிடும். கடல்மீன்களில் அனிசாகிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்க வாய்ப்பு உண்டு. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைத்தால் அது செத்துவிடும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கு. இந்தப் பயத்தால்தான் ஜப்பானியர்களே ஒரு காலத்தில் சால்மனைப் பச்சையாகத் தொட மாட்டார்கள். அவர்கள் கடலில் கிடைக்கும் சால்மனைச் சுட்டுத்தான் சாப்பிட்டார்கள். 1980-களில் நார்வே நாடு, பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த தன் சால்மனை ஜப்பானில் விற்பதற்கு ஒரு பெரிய பிரசாரமே நடத்தியது. இதில் அந்தப் புழு ஆபத்து குறைவு என்று சொல்லிச் சொல்லி, மெல்ல சுஷிக்குள் கொண்டுவந்தது. இன்றைக்குச் சுழலும் சுஷிக் கடைகளில் ஜப்பானியர்களே அதிகம் விரும்பி எடுப்பது சால்மன்தான்!

கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருப்பவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது. வேகவைத்த இறால், விலாங்கு, முட்டை, நண்டுக் குச்சின்னு சமைத்த வகைகளே தாராளமாக வரும். சைவம் சாப்பிடுபவர்களுக்கு வெள்ளரிக்காய் மக்கி, சோளக் குன்கான், நொதிக்கவைத்த சோயாவான நட்டோ, இனிப்பான டோஃபுப் பைக்குள் சாதம் அடைத்த இனாரி எல்லாம் உண்டு. ஆனால் கறாரான சைவம்னா ஒரு எச்சரிக்கை: ஜப்பானியச் சமையலில் 'தஷி' என்ற சாறு எங்கும் நிறைந்திருக்கும். பெரும்பாலும் அது காய்ந்த மீனில் எடுப்பது. மிசோ சூப், முட்டை ஆம்லெட், சில நேரம் இனாரியின் டோஃபு வரைக்கும் அது இருக்கும். காசைப் பார்த்தாலும், சைவர்களுக்கு அன்லிமிடெட் கட்டணம் பெரும்பாலும் நஷ்டம்தான். தட்டுக்குக் காசு கொடுக்கும் கடைக்கே போங்க.

எடுத்த தட்டைத் திரும்ப வைத்தால்...

இப்போ அந்த மூணாவது தப்பு.

2023 ஜனவரியில் ஜப்பானில் ஒரு வீடியோ பரவியது. கிஃபு நகரத்தில் ஒரு சுஷிரோ கிளை. ஒரு டீன் ஏஜ் பையன், மேஜையில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் சோயா சாஸ் பாட்டிலின் வாயை நக்குகிறான். அடுக்கி வைத்திருக்கும் கோப்பை ஒன்றை நக்கித் திரும்ப வைக்கிறான். எச்சில் தொட்ட விரலை, பெல்ட்டில் போய்க்கொண்டிருக்கும் சுஷிமேல் வைக்கிறான். ஒரு நிமிஷம்கூட ஓடாத வீடியோ.

சுஷிரோவின் தாய் நிறுவனப் பங்குகள் சரிந்தன. அதைத் தொடர்ந்து வேறு செயின் கடைகளில் எடுத்த இதே மாதிரி வீடியோக்களும் வெளியே வர, ஊடகங்கள் இதற்கு 'சுஷி பயங்கரவாதம்' என்றே பெயர் வைத்தன. நிறுவனம் அந்தப் பையன்மேல் சுமார் 6 கோடியே 70 லட்சம் யென் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. அந்த வருஷம் ஜூலை இறுதியில் சமரசத்தில் முடிந்தது. ஆனால் கடைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. சுஷிரோ, பொதுவாகச் சுற்றவிடுவதை நிறுத்திவிட்டு, ஸ்கிரீனில் ஆர்டர் செய்த தட்டை மட்டும் நேராக அந்த மேஜைக்கு அனுப்பும் முறைக்கு மாறியது. குரா சுஷி, தட்டு மூடியை யாராவது சந்தேகப்படும்படி திறந்து மூடினால் கண்டுபிடிக்கும் கேமராக்களைப் பொருத்தியது.

ஷிராய்ஷி வடிவமைத்த கடையில் பூட்டு இல்லை, காவல் இல்லை. முன்பின் தெரியாத நூறு பேரின் கைக்கு எட்டும் தூரத்தில் சாப்பாடு திறந்தபடி போகும். எனக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பவர் அதைத் தொட்டிருக்க மாட்டார்னு எல்லாரும் நம்பினால்தான் அந்த பெல்ட் ஓடும். 60 வருஷத்துக்கும் மேல அது அப்படியே ஓடியது. அதனால்தான் 'சும்மா எடுத்துப் பார்த்தேன், வேண்டாம்'னு நீங்கள் தட்டைத் திரும்ப வைக்கும்போது பக்கத்து மேஜைக்காரர் முகம் மாறுகிறது. நீங்கள் தொடவே இல்லைன்னாலும் அது அவருக்குத் தெரியாது. தெரியாமல் எடுத்துட்டா, உங்கள் மேஜையிலேயே வெச்சுக்கோங்க. கூட வந்தவர்களிடம் கேளுங்க, யாராவது ஒருத்தருக்குப் பிடிக்கும்.

குரா சுஷியின் தட்டுகளுக்கு வட்ட மூடி உண்டு. மூடியைக் கையால் திறக்க வேண்டாம். தட்டின் விளிம்பைப் பிடித்து லேசாக இழுத்தால் மூடி தானே திறந்துகொள்ளும். 2025 ஒசாகா உலகக் கண்காட்சியில் இதே நிறுவனம் சுமார் 135 மீட்டர் நீள பெல்ட்டோடு ஒரு கடை போட்டது. சுஷியோடு பல நாட்டு உணவுகளும் அதில் சுற்றின. பொது பெல்ட்டை எல்லாரும் கைவிட்டுவிடவில்லை.

பெல்ட்டில் வந்த தட்டுக்கும் ஆர்டர் தட்டுக்கும் நடுவில் இன்னொரு குழப்பம் வரும். சில கடைகளில் ரெண்டும் ஒரே பாதையில் போகும். ஆர்டர் தட்டு வேறு நிறக் கிண்ணத்தின் மேலேயோ, மேஜை எண்ணோடோ வரும். அது பக்கத்து மேஜைக்காரர் காத்திருக்கும் தட்டு. பார்க்க அழகாக இருக்குன்னு எடுத்துடாதீங்க. உங்கள் ஆர்டர் நெருங்கும்போது ஸ்கிரீனே சத்தம் கொடுக்கும்.

நேரம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் பேராசை தலை தூக்கும். 'கடைசி ஆர்டர்'னு ஸ்கிரீன் சொன்னதும் நாலு பேர் சேர்ந்து இருபது தட்டு அழுத்துவதைப் பார்க்கலாம். அதில் எட்டு தட்டு மேஜையிலேயே நிற்கும், அதுக்குத் தனி பில்லும் வரும். தலைக்கு ஒரு தட்டு போதும். காலித் தட்டுகளை நிறவாரியாக அடுக்கி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வெச்சா எண்ண வரும் ஊழியருக்கு உதவி. கோப்பையில் டீ மிச்சம் இருந்தா குடிச்சுடுங்க. மேஜை எண் எழுதின அட்டையை மறக்காமல் எடுத்துட்டுப் போய் கவுன்ட்டரில் கொடுங்க.